சட்டைக் கையில் வெந்த பலகாரம்

தம்பி,

நீ போனில் "நோரா எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்காடா, அவளுக்கென்ன குறைச்சல்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அது பொய். வந்த நாளிலிருந்து உன் பொண்டாட்டி நன்றாக இல்லை. போனில் சொன்னால் நீ அங்கே லண்டனில் உட்கார்ந்துகொண்டு பதறுவாய், அடுத்த நிமிஷமே அவளைக் கூப்பிட்டு "எங்கம்மாகிட்ட என்ன சொன்ன?" என்று குடைவாய், ஆகிற காரியமும் கெட்டுப்போகும். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். "நாலு வரி வாட்ஸப்புல தட்டிவுட்டுட்டுப் போவியா" என்கிறார் உங்கப்பா. நாலு வரியில் அடங்குகிற விஷயமா இது? எழுதி முடித்ததும் அவரே ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். வியாழக்கிழமை அவள் திருச்சியில் விமானம் ஏறுவதற்குள் நீ இதைப் படித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

அவள் தனியாக வருகிறாள் என்றதும் எங்களுக்குச் சந்தோஷம்தான். உனக்கு லீவு கிடைக்கவில்லை, அவளாவது வருகிறாளே என்று உங்கப்பா விக்கிரமங்கலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வந்தவள் சிரித்தாள், போட்டதைச் சாப்பிட்டாள், அவரோடு சோளக்கொல்லைக்குப் போய் வந்தாள். ஆனால் தனியாக இருக்கும் நேரமெல்லாம் பின்கட்டு அறையில் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு ஆம்பளைச் சட்டையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. உன்னுடையது இல்லை, உன் அளவுக்கு மூன்று பேர் நுழையலாம் அதில். உன் பெயரை எடுத்தால் பேச்சை மாற்றினாள். ஒருநாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன், எனக்கா பொறுமை? நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். "கண்ணு, மறைக்காம சொல்லு. எம்மவன வுட்டுட்டுப் போவப்போறியா? அதச் சொல்லத்தான் வந்தியா?" அவள் என்னைப் பார்த்தாள். நீ சொல்லிக்கொடுத்த தமிழில், நிதானமாக, "தெரியல அத்தே" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை தம்பி. தெரியல என்றாள்.

அப்புறம்தான் சட்டை யாருடையது என்று சொன்னாள். அவளுடைய அப்பா ஆர்தருடையது. போன வருஷம் அவர் தவறிப்போனபோது நீ எங்களிடம் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்று மட்டும்தான் சொன்னாய். அவர் வீட்டுக்கு நீ போனதையும், பீரோவில் இருந்த துணிமணி அத்தனையையும் பையில் கட்டி எங்கேயோ தானத்துக்குக் கொடுத்துவிட்டு வந்ததையும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருந்தாளாம். சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தவள் வெறும் ஹேங்கரைப் பார்த்தாளாம். காரின் பின்சீட்டில் கிடந்ததால் இந்த ஒரு சட்டை மட்டும் தப்பியிருக்கிறது. "அவன் கேக்கல அத்தே. என்னக் கேக்கல" என்றாள். சண்டை போட்டாயா என்றேன். இல்லையாம். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெற்றவள் இல்லையா, வாய் உனக்குத்தான் பரிந்துகொண்டு வந்தது. "எங்க பக்கம் வழக்கமே அதுதான் கண்ணு. செத்தவங்க துணிய வூட்ல வைக்க மாட்டோம். வச்சா, ஆசப்பட்டு அவங்க திரும்பி வந்துருவாங்கன்னு சொல்லுவாங்க. அவன் ஒனக்கு நல்லது செய்யறதா நெனச்சுத்தான் செஞ்சிருப்பான்" என்றேன். அவள் கேட்டாள்: "திரும்பி வந்தா நல்லதுதானே அத்தே?" இத்தனை வயதுக்கு எத்தனை சாவு பார்த்திருப்பேன், எத்தனை வீட்டில் போய் இதே வழக்கத்தைச் சொல்லியிருப்பேன். ஒருத்தர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தா.பழூரில் என் அப்பா இறந்தபோது, காரியம் முடிந்த கையோடு அவர் வேட்டி துண்டையெல்லாம் மூட்டையாகக் கட்டி என் அண்ணன்மார் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். அதில் ஒரு பச்சைக்கரைத் துண்டு இருந்தது. எனக்கு அது வேண்டும்போல இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்களோ என்னவோ, ஆனால் வேண்டுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அதை நான் இதுநாள்வரை யாரிடமும் சொன்னதில்லை. நோராவிடம் சொன்னேன்.

உன்னையும் எனக்குத் தெரியும். உனக்குத் துக்கம் வந்தால் நீ அழ மாட்டாய், வீட்டைப் பெருக்குவாய். நம் நாய் கருப்பன் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என்ன செய்தாய், நினைவிருக்கிறதா? அதைக் கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றி எடைக்குப் போட்டாய், அது தின்ற தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாய், அது படுக்கும் சாக்கைக் கொளுத்திவிட்டு வந்து கணக்குப் போட உட்கார்ந்தாய். உங்கப்பா சாப்பிடாமல் கிடந்தார். நீ எல்லாவற்றையும் துடைத்துவிட்டாய். அந்த ஆர்தர்மேல் உனக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியாதா? நீ அந்த பீரோவைக் காலி செய்தபோது உனக்கும் நெஞ்சு வெடித்திருக்கும். ஆனால் அதை நீ அவளிடம் சொல்லவில்லையே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் ஹேங்கர்தான்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிற நாள் வெள்ளிக்கிழமை வருகிறது என்று நோரா சொன்னதும், நான் வேறெதையும் யோசிக்கவில்லை. "அப்ப படையல் போட்ருவோம். அவருக்கு என்ன புடிக்கும்?" என்றேன். வருஷம் திரும்பினால் போனவருக்குப் பிடித்ததைச் செய்து வைத்துக் கும்பிடுவோம் என்று விளக்கினேன். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. யோசிக்கவே இல்லை. "ஜாம் ரோலி போலி!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரே செய்வாராம், அடுப்படிக்குள் யாரையும் விட மாட்டாராம். எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை, போளி மட்டும் விழுந்தது. அட, நம்ம போளி! லண்டன்காரருக்கும் போளிதான் பிடித்திருக்கிறது என்று பூரித்துப்போய், ராத்திரியே கடலைப்பருப்பை ஊறப்போட்டுவிட்டேன். காலையில் அதைப் பார்த்து "இது எதுக்கு அத்தே?" என்கிறாள். பூரணத்துக்கு என்றேன். அப்புறம் அவள் போனில் படத்தைக் காட்டினாள். மைதாவைத் தேய்த்து, ஜாமைத் தடவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, துணியில் கட்டி ஆவியில் வேகவைப்பது. போளிக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஊறிய பருப்பை அரைத்து வடை சுட்டேன். உங்கப்பா அன்று முழுவதும் "லண்டன் போளி ரொம்ப மொறுமொறுன்னு இருக்கு" என்று என்னைக் கிண்டலடித்தபடியே தின்றார்.

அந்தப் பலகாரத்துக்கு வெண்ணெய், நெய் எதுவும் ஆகாதாம். கொழுப்புதான் வேண்டுமாம். அவர்கள் ஊரில் மாட்டுக் கொழுப்பு. அது நம் வீட்டு அடுப்பில் ஏறாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஆடு பரவாயில்லையா என்று கேட்டாள். ஆடென்றால் என்ன தடை, உங்க தாத்தாவுக்குக் கறிக்குழம்பு வைத்துத்தானே படைக்கிறோம். பாய் கடைக்குப் போனோம். நான் கேட்கிறேன் என்றேன், கேட்டாளா? தானே பேசுவேன் என்று முன்னால் போய், கூட்டத்துக்கு நடுவில், சத்தமாக, "பாய், ஒங்களுக்குக் கொழுப்பு இருக்கா?" என்றாள். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அல்லாவே! எனக்கு இல்லம்மா, எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோத்தையும் எம் பொஞ்சாதி எறக்கிப்புட்டா" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவளுக்கு அர்த்தத்தை விளக்கியபோது இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பாய் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கிற நல்ல குண்டிக்காய்க் கொழுப்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார், அதுதான் பொடிப்பொடியாக உதிருமாம்.

முதல் தடவை செய்ததைப் பற்றிக் கேட்காதே. கெடுத்தது நான்தான். கொழுப்பைச் சவ்வு நீக்கி, பிரிஜ்ஜில் வைத்து இறுக்கி, கேரட் துருவியில் துருவி மைதாவில் போட்டதுவரை எல்லாம் அவள் சொன்னபடி. தண்ணீர் தெளித்துச் சும்மா சேர்த்துப் பிடித்தால் போதும் அத்தே என்றாள். மாவைக் கண்டால் என் கை நிற்குமா? பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி அடித்துப் பிசைந்துவிட்டேன். ஜாம் வேறு. உங்கப்பா பெரம்பலூருக்குப் போனபோது அவள் எழுதிக்கொடுத்த ஜாமை மூன்று கடையில் தேடிவிட்டு, "எல்லாம் செவப்புதான, வாயிலயா பேரு எழுதியிருக்கு" என்று ஏதோ பழக்கலவை ஜாமை வாங்கி வந்திருந்தார். இட்லித் துணியில் சுற்றிக் கொப்பரையில் வைத்தோம். துணி தளர்ந்து, முடிச்சு நெகிழ்ந்து, ஜாம் முழுக்க ஒழுகித் தண்ணீரில் கலந்து, வெளியே எடுத்தால் ரப்பர் செருப்பு மாதிரி ஒன்று வந்தது. நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம், என்மேலேயே. நோராவுக்குக் கோபம் இல்லை. "துணி சரியில்ல. அப்பா சட்டைக் கையிலதான் கட்டுவாங்க" என்றாள். பழைய சட்டையின் முழுக்கையை வெட்டி, அதற்குள் நுழைத்து, இரண்டு முனையையும் கட்டிவிட்டால் நெகிழாதாம். அவர்கள் ஊரில் அந்தக் காலத்திலிருந்து அப்படித்தானாம். அதற்கு ஒரு செல்லப்பெயர்கூட உண்டாம், செத்தவன் கை என்று. "அடி ஆத்தே, படையல்ல வைக்கிறதுக்கு இந்தப் பேரா!" என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தவள் அந்த நீலக் கட்டச் சட்டையை எடுத்து வந்தாள். கத்தரிக்கோல் கேட்டாள். கொடுத்தேன். அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சட்டையை விரித்து, கையைத் தோளோடு சேர்த்து நீவிவிட்டு, கத்தரியை வைத்தாள். வெட்டவில்லை. எடுத்தாள், மறுபடி வைத்தாள். வேண்டாம் கண்ணு என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உங்கப்பா விருட்டென்று உள்ளே போனார். பீரோவை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளை முழுக்கைச் சட்டையோடு வந்தார். ஆயுசுக்கும் அரைக்கையே போட்ட மனுஷனுக்கு இருப்பதே அந்த ஒரு முழுக்கைதானே, அரியலூர் மண்டபத்தில் உன் கல்யாணத்துக்குப் போட்டது. நான் "யோவ், யோவ்" என்று கத்துவதற்குள் அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கி, கோணல்மாணலாகச் சர்ரென்று கையை வெட்டிவிட்டார். "அவரு கை வேணாம்மா. எங் கை இருக்குல்ல, இந்தா. அந்தச் சட்ட முழுசா இருக்கட்டும்" என்றார். உங்கப்பா என்னிடம்கூட இவ்வளவு நல்லதாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் என்னத்தைத் திட்டுவது?

இந்தத் தடவை மாவில் நான் கையே வைக்கவில்லை, என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் லேசாகத் திரட்டினாள். சப்பாத்திக் கட்டையால் நீளவாக்கில் தேய்த்து, ஓரத்தில் விரல் அகலம் விட்டு ஜாமைத் தடவி, வேகும்போது உப்புவதற்கு இடம் வேண்டுமென்று தளர்வாகச் சுருட்டினாள். வெண்ணெய் தடவிய வாழையிலையில் அதைச் சுற்றி, உங்கப்பா சட்டைக் கைக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் வாழை நாரால் கட்டினோம். இரண்டு சீரியல் முடிகிற நேரம் ஆவியில் வெந்தது. திறந்தால், தம்பி, அந்தக் கை உப்பிப் புடைத்து, மணிக்கட்டுப் பக்கம் சிறுத்து, பித்தான் மாட்டினபடியே இருக்கிறது. பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை. நோரா அதை ஒரு துண்டில் வாங்கினாள். முடிச்சை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு, சூடு பொறுக்கிற அளவுக்கு ஆறியதும் அந்த மணிக்கட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம் அழுதாள். ஐயோ, என்ன அழுகை! ஒரு வருஷத்து அழுகை. நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன், ஆர்தருக்காகப் பாதி, எங்கப்பாவுக்காகப் பாதி. உங்கப்பா வெளியே போய் மோட்டாரைப் பார்க்கிறேன் என்று நின்றுகொண்டார். கரண்டே இல்லாத நேரத்தில் என்ன மோட்டார்?

பிறகு படைத்தோம். உன் கல்யாணத்தில் ஆர்தர் பந்தியில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டிக்கொண்டு சிரிக்கிறாரே, அந்தப் படத்தை அவள் போனில் வைத்துச் சொம்பில் சாய்த்தோம். இலையில் பலகாரத்தை வட்ட வட்டமாக வெட்டி வைத்து, கஸ்டர்டு ஊற்றி, பக்கத்தில் பால் விட்ட டீ. நாம் புதுத்துணி வைக்கிற இடத்தில் அந்த நீலக் கட்டச் சட்டையை மடித்து வைத்தேன். உங்கப்பா கற்பூரம் காட்டிவிட்டு, "சம்மந்தி, வெக்கப்படாம சாப்புடுங்க" என்றார். காக்கைக்கு வைத்ததில் அது ஜாமை மட்டும் கொத்திக்கொண்டு போயிற்று. நாங்களும் சாப்பிட்டோம். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் ஆட்டு வாசம் அடித்தது. நோரா வாயில் போட்டுப் பார்த்து, "அப்பாது மாதிரி இல்ல" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மறுபடியும் கேட்டேன், போகப்போகிறாயா என்று. எனக்குத் தெரிந்தாக வேண்டும், நான் உன் அம்மா. அவள் சொன்னாள்: "சட்டைகூடப் போகட்டும் அத்தே. அவன் அப்பா பேரே சொல்றதில்ல. ஒரு வருஷமா. நான் சொன்னாலும் வேற பேசறான். பேரையும் பையில போட்டுக் கட்டிட்டான்." நீ அவள் மனம் நோகக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாய், அவளோ உனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் துக்கத்தைத் தின்றால் உடம்பு என்ன ஆகும், குடும்பம் என்ன ஆகும்? துணி போனது போகட்டும், அதை உன்னால் திரும்பக் கொண்டுவர முடியாது. உனக்கு வாய் இருக்கிறது அல்லவா?

அவள் வருகிறாள். டிக்கெட்டை மாற்றவில்லை. ஆனால் உன்னிடம்தான் வருகிறாளா, வீட்டிலிருக்கிற தன் சாமானை எடுக்க வருகிறாளா என்று அவளுக்கே இன்னும் தெரியாது, எனக்கும் தெரியாது. லீவு கிடைக்கவில்லை, மீட்டிங் என்று ஏதாவது சொன்னாயோ, நான் பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்க மாட்டேன். ஏர்போர்ட்டில் போய் நில். பூ வேண்டாம். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்து உன் கதையை அளக்கவும் வேண்டாம், அதற்கு நாள் இருக்கிறது. காரில் உட்கார்ந்ததும், ஆர்தர் என்று அவர் பெயரைச் சொல்லி, அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று கேள். அவள் அழுதால் அழட்டும், உனக்கு அழுகை வந்தால் நீயும் அழு, எதையும் துடைக்க ஓடாதே.

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் அதைத்தான் கேட்டேன். சின்ன வயதில் அவளை சைக்கிளில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே போவாராம், அதிலிருந்து ஆரம்பித்தாள். உங்கப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அவள் சொல்லச் சொல்லக் கண்ணெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. அவளுக்கும் உனக்கும் கல்யாணம் பேசப்போன அன்று அவர் உன்னைப் பற்றி அவளிடம் தனியாக என்ன சொன்னார் என்கிற இடம் வந்தது. நான்தான் போதும் கண்ணு, அதைச் சொல்லாதே என்று நிறுத்திவிட்டேன். எனக்கும் கேட்க ஆசைதான், உங்கப்பாவுக்கு என்மேல் கோபம்கூட. ஆனாலும் நிறுத்திவிட்டேன். அதை நீதான் கேட்க வேண்டும்.

அம்மா